வைக்கோலும் உமியும் கழிவல்ல



பெரும்போக அறுவடை முடிந்த சில நாட்களிற் கரைவாகு வட்டைப் பக்கம் பார்ப்பின், ஆங்காங்கே வைக்கோல் எரியும் புகை எழுவதைக் காணலாம். அரிசி ஆலைகளின் பின்புறத்திலே உமி குன்றுபோற் குவிகின்றது. நெல் ஊறிய நீர் துர்நாற்றத்துடன் வடிகானிற் சேர்வதும் உண்டு. இம்மூன்றையும் கழிவு என்றே கூறி வருகின்றோம். உண்மையில், முதலாவது பசளை, இரண்டாவது எரிபொருள், மூன்றாவது, கவனியாது விடின் நம் வாய்க்காலையே கெடுக்கும் நீர்.

கழிவு உண்டான பின்னர் அதனை அகற்றப் பணஞ் செலவிடுவதிலும், உண்டாகும் இடத்திலேயே அதனைக் குறைப்பது இலாபம் தரும். இதனையே தூய்மையான உற்பத்தி என்பர். இம்முறையைத் தொழில் நிலையங்களுக்குப் பயிற்றும்பொருட்டு, ஐக்கிய நாடுகள் கைத்தொழில் அபிவிருத்தி அமைப்பின் துணையுடன் 2002 ஆம் ஆண்டில் இலங்கையிலே தேசிய தூய்மையான உற்பத்தி நிலையம் நிறுவப்பட்டது. நம் பகுதியிற் பெருந் தொழில் நெல்லும் அரிசியுமே. ஆதலின், அம்முறையை வயலிலும் ஆலையிலும் கைக்கொள்ளுமாறு யாதென இங்கு கூறுவோம்.

வைக்கோலை எரித்தல் பசளையை எரித்தலாகும்

ஓர் ஏக்கரில் 2,000 கிலோகிராம் நெல் விளையின், ஏறத்தாழ அதே அளவு வைக்கோலும் கிடைக்கும். 1,000 கிலோகிராம் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியமும் உள்ளன. 50 கிலோகிராம் கொண்ட ஒரு மூடை மியூரியேற்றுப் பொட்டாசில் உள்ள பொற்றாசியம் ஏறத்தாழ 25 கிலோகிராமே. எனவே ஓர் ஏக்கர் வைக்கோலில் ஒரு மூடைக்குக் குறையாத பொட்டாசு அடங்கியிருக்கின்றது.

தீ வைத்தால் நைதரசன் அநேகமாக முற்றாக அழியும். பொசுபரசில் நான்கிலொரு பங்கும், பொற்றாசியத்தில் ஐந்திலொரு பங்கும் இழக்கப்படும். எஞ்சிய சாம்பலும் வயலெங்கும் பரவாது, எரித்த இடத்தில் மாத்திரம் தங்கும். முதல் மழையோடு ஓடியும் விடும்.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை நாம் பட்ட இடரையும் எவரும் மறந்திலர். பணம் இருந்தும் பசளை கிடையாத காலம் அது. அத்தகைய காலத்தில் நமக்குக் கைகொடுக்கக்கூடிய பொருளை நாமே கொளுத்துதல் தகுமா?

செய்யவேண்டியன:

1. அறுவடை இயந்திரம் வரிசையாக விட்டுச் செல்லும் வைக்கோலை வயல் முழுவதும் சமமாகப் பரப்புக.

2. நீர் கட்டி, விதைப்பிற்கு இரண்டு வாரத்திற்குக் குறையாமல் முன்னதாக உழுது மண்ணோடு கலக்குக. பிந்தி உழுதால், உக்கும் வைக்கோல் மண்ணிலுள்ள நைதரசனைத் தற்காலிகமாகக் கவர்ந்து இளம்பயிரை மஞ்சளிக்கச் செய்யும்.

3. சிறுபோக விதைப்பிற்கு நாட்கள் போதாவிடின், வைக்கோலை வயலின் மூலையிற் குவித்து வைத்து அடுத்த போகத்தில் இடுக. நோய் கண்ட வைக்கோலைக் கூட்டெருவாக்கிய பின்னரே வயலுக்குக் கொண்டு செல்க.

உமி சிறந்த எரிபொருள்

100 கிலோகிராம் நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோகிராம் உமி கிடைக்கும். 3 கிலோகிராம் உமியின் வெப்பம் ஏறத்தாழ 1 லீற்றர் உலை எண்ணெயின் வெப்பத்திற்கு ஈடாகும். ஆகவே, 1,000 கிலோகிராம் நெல்லின் உமி ஏறத்தாழ 67 லீற்றர் எண்ணெய்க்குச் சமம். நெல் அவிக்கும் ஆலைக்குத் தன் உமியே போதுமாயிருக்க, விறகிற்கும் எண்ணெய்க்கும் செலவிடுதல் வீண் செலவாகும்.

ஆயினும், உமியை எரிக்கும் முறை தெரிந்து எரித்தல் வேண்டும். நனைந்த உமியும், ஒரே தடவையில் அள்ளிக் கொட்டிய உமியும் கரும்புகையையே தரும். கரும்புகை என்பது புகைபோக்கி வழியே வெளியேறும் பணம் என்று கொள்க. உமியைக் கூரையின் கீழ் உலர வைத்து, சிறிது சிறிதாக இட்டு, உலைக்குக் காற்றுச் செல்லும் வழியைச் சாம்பல் அடையாதவாறு காக்க. கொதிகலனின் நீராவிக் குழாய்களை வெப்பம் கடத்தாத உறையாற் போர்த்துக. கசிவு காணும் மூட்டுக்களை அன்றே திருத்துக. சாம்பலை அள்ளுமுன் நீர் தெளித்தால் அதன் தூசி தொழிலாளரின் நெஞ்சிற் சேராது.

உமிக்கரி தயாரித்தல்

உலைக்கு வேண்டியது போக மீந்த உமியை விவசாயிகள் பெற்று உமிக்கரியாக்கலாம். நெல் வயலுக்கு ஏக்கருக்கு 250 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 5 அந்தர், இடுதல் நன்று. இதிலுள்ள சிலிக்கா பயிரின் தண்டை உறுதியாக்கும்.

பக்கமெங்கும் துளையிட்ட தகரப் பீப்பாய் ஒன்றினுள் விறகுத் தீ மூட்டி, மேலே ஒரு புகைக்குழாய் பொருத்தி, சுற்றிலும் உமியைக் குவிக்க. உட்புற உமி கறுக்கக் கறுக்க, மண்வெட்டியாற் புரட்டி வெளிப்புற உமியை உள்ளே தள்ளுக. குவியல் முழுவதும் கறுத்தவுடன் நன்றாக நீர் தெளித்து அணைக்க. யான் முதன்முறை செய்தபோது, மேலே தெளித்த நீர் போதுமென்று எண்ணி வீடு சென்றேன். விடிவதற்குள் உட்கனல் பரவி, குவியல் முழுவதும் வெண்சாம்பலாயிற்று. ஆதலின், கிளறிக் கிளறி நீர் தெளித்து, கையால் தொட்டுச் சூடு இல்லையெனத் தெளிந்த பின்னரே அகலுக.

மரக்கறிச் செய்கையாளருக்கு

நம் கரையோர மணல் நிலம் நீரையும் பசளையையும் தாங்கி வைப்பதில்லை. உமிக்கரியும் கூட்டெருவும் சேர்ந்த பாத்தியில் ஈரம் நின்று, நீரிறைக்கும் செலவு குறையும். கத்தரி, மிளகாய்ப் பாத்திகளை வைக்கோலால் மூடினால் களையுங் குறையும். வைக்கோல், சீமைக் கிளுவை இலை, சாணம் என்பவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரமாக வைத்து, இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை புரட்டினால் சுமார் மூன்று மாதத்தில் நல்ல கூட்டெரு கிடைக்கும்.

ஊறல் நீர்

1 கிலோகிராம் நெல்லை ஊறவைக்க 1 லீற்றருக்கு மேல் நீர் வேண்டும். அந்நீரில் நெல்லின் சத்துக்கள் கரைந்திருக்கும். அது வாய்க்காலிற் கலந்தால், அச்சத்தை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும். மீன் சாகும், நாற்றம் எழும். தண்ணீரிற் பல நாள் ஊறும் நெல், 60 முதல் 70 பாகை செல்சியசு வெந்நீரிற் சில மணி நேரத்தில் ஊறும், நாற்றமும் குறையும். ஊறிய நீரைத் தொட்டியிற் தெளியவிட்டுச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்றுதல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் இதனைக் கண்காணிப்பது மத்திய சுற்றாடல் அதிகார சபையாகும்.

இதில் விவசாயிக்கும் ஒரு கடமை உண்டு. பதரும் தூசியும் நீக்கி, நன்கு உலர்த்திய நெல்லையே ஆலைக்குக் கொடுத்தால் ஊறல் நீரின் அழுக்குக் குறையும், அரிசியும் உடையாது.

சாய்ந்தமருதுத் தோணா மாரிகாலத்து நீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வழியாகும். அது குப்பையால் அடைபட்டால் வெள்ளம் நம் வாசலுக்கே வரும். வடிகானில் எறிவது அங்கேயே தங்கிவிடுவதில்லை.

ஆகவே வரும் அறுவடையில் ஒரு வரவையிலாவது வைக்கோலை எரியாது உழுதும், ஒரு குவியலாவது உமிக்கரி செய்தும் பாருங்கள். மறு போகத்தில் அவ்வரவையின் பயிரை அயல் வரவையோடு ஒப்பிடுங்கள். ஐயமெழுந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு கேளுங்கள். வயலிற் பிறந்தது வயலுக்கே திரும்புமாயின், நிலமும் நீரும் நம் மக்களுக்கும் பயன்படும்.