ஒப்பனையைக் களைதல்: தேய்ப்பதன்று, கரைப்பது

முகூர்த்த நாட்கள் மிகுந்த மாதங்களில், மணமுடித்த சில நாட்களுக்குள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வரும் இளம்பெண்களை நாங்கள் காண்பதுண்டு. கன்னத்தில் சிவப்பு, இமையில் வீக்கம், முகம் கழுவினாலே எரிச்சல் என்பனவே அவர்கள் கூறும் குறைகள். ‘மேக்கப் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அவர்கள் முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். சிலருக்கு அது உண்மையே. ஆயினும், பொறுமையாக விசாரிக்கும்போது, பூசிய பொருளைவிட அதை அகற்றிய விதமே தோலைப் புண்படுத்தியிருப்பது பல வேளைகளில் தெரியவருகிறது. உறக்கக் கலக்கத்தில், குளியல் சோப்பும் சொரசொரப்பான துண்டும் கொண்டு, மூன்று நான்கு முறை அழுத்தித் தேய்த்திருப்பார்கள்.

ஃபவுண்டேஷன், லிப்ஸ்டிக், மஸ்காரா, நீரில் கரையாத சன்ஸ்கிரீன் ஆகியவை எண்ணெய், மெழுகு, சிலிக்கோன் போன்றவற்றில் நிறமிகளைக் கலந்து செய்யப்படுபவை. வியர்வையிலும் கண்ணீரிலும் கலையாதிருக்கவே அவை அவ்வாறு ஆக்கப்படுகின்றன. ஆகவே, வெறும் நீருக்கு அவை இணங்குவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கை எண்ணெய் கரைக்கும். பலாப்பழம் நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளும் எவருக்கும் இது புதிய செய்தியன்று.

சோப்பு பிசுக்கை நீக்கத்தான் செய்கிறது. ஆனால், ஒப்பனையோடு நில்லாமல் தோலுக்குரிய கொழுப்பையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறது. நமது மேல்தோலின் செல்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றினிடையே சாந்து போல இயற்கையான கொழுப்பு நிரம்பியுள்ளது. உடலின் நீர் வெளியேறாமலும், வெளியிலுள்ள கிருமிகள் உட்புகாமலும் காப்பது இச்சுவரே. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. வழக்கமான குளியல் சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை. கழுவியபின் முகம் ‘இழுப்பது’ போலத் தோன்றுவதைத் தூய்மையின் அடையாளமாகப் பலர் கருதுகின்றனர். அது சாந்து உதிர்ந்த சுவரின் முறையீடு.

முதலில் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் வேறெதையும் தொடுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். பிறகு கண்களிலிருந்து தொடங்குவது நலம். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. அரை மில்லிமீட்டர் அளவே தடிப்புடையது. ஒப்பனை நீக்கும் எண்ணெயிலோ மிசெல்லார் நீரிலோ நனைத்த பஞ்சை மூடிய இமைமீது வைத்து, அரை நிமிடம் அசையாமல் காத்திருங்கள். இந்த அரை நிமிடத்தைத்தான் பெரும்பாலோர் தர மறுக்கிறார்கள். மஸ்காராவும் மையும் தாமாக இளகியபின், மேலிருந்து கீழாக மெதுவாக வழித்தெடுத்தால் போதும். இமையோரத்தில், இமைமயிர்களின் அடியில், சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாகத் திறக்கின்றன. அங்கே நாள்தோறும் மை தங்கினால் அவற்றின் வாய் அடைபட்டு, கண் உறுத்தலும் கண்கட்டியும் தோன்றக்கூடும்.

முகத்தின் பிற பகுதிகளுக்கு எண்ணெயை விரல்நுனியால் வட்டமாகத் தடவி, இளகியதும் பஞ்சால் ஒற்றியெடுத்து, காரமற்ற, நறுமணமற்ற முகக்கழுவியால் வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை கழுவுங்கள். மிசெல்லார் நீரையும் கழுவியே ஆகவேண்டும். துண்டால் ஒற்றி, ஈரம் முற்றிலும் உலர்வதற்குள் ஈரப்பதம் காக்கும் களிம்பைப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் பலருக்கும் ஏற்றதே. எனினும், முகப்பரு உள்ளவர்களுக்கு அது துவாரங்களை அடைக்கக்கூடும் என்பதால் அவர்கள் தவிர்க்கலாம். எலுமிச்சைச் சாறு எவருக்கும் வேண்டாம். அதன் கடுமையான அமிலம் தோலை எரிப்பதோடு, வெயில் பட்டால் கொப்புளமும் கரும்படையும் உண்டாகும்.

ஒட்டும் பொட்டைப் பற்றித் தனியே கூறவேண்டும். சில பொட்டுகளின் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் நிறமிச் செல்களைச் சிதைத்து, நெற்றியின் நடுவே வெள்ளைத் திட்டை ஏற்படுத்துவதுண்டு. அரிப்போ நிறமாற்றமோ தென்பட்டால் அதே பொட்டைத் தொடர்ந்து ஒட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வயது முதிர்ந்தவர்களின் தோல் மெலிந்திருப்பதால், பொட்டைப் பிய்த்தெடுத்தால் தோலும் உடன் உரியலாம். உடனிருந்து கவனிப்பவர்கள், ஓரத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு, பசை இளகியபின் எடுக்கவேண்டும். படுக்கையில் இருப்பவரின் கண்களைத் துடைக்கையில் மூக்கின் பக்கமிருந்து வெளிப்புறமாகத் துடைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு வேறு பஞ்சைப் பயன்படுத்துங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் ஒப்பனை முழுவதையும் களையச் சொல்கிறோம். இதைக் கேட்டு மனம் வருந்துவோர் உண்டு. குறிப்பாக, பொட்டும் குங்குமமும் இன்றி உள்ளே செல்வதற்குப் பல தாய்மார்கள் கலங்குகிறார்கள். அக்கலக்கத்தை நாங்கள் அற்பமாக எண்ணுவதில்லை. காரணத்தை அறிந்தால் மனம் சற்றே ஆறும் என்பதால் இங்கே விளக்குகிறோம். மயக்க மருத்துவர் உதடு, நகம், முகம் ஆகியவற்றின் நிறத்தைப் பார்த்து உயிர்வளி போதுமா என்று கணிக்கிறார். விரலில் மாட்டும் கருவி ஒளியைச் செலுத்தியே இரத்தத்திலுள்ள உயிர்வளியை அளக்கிறது; அடர்நிற நெயில் பாலிஷ் அவ்வளவைப் பிழையாகக் காட்டக்கூடும். மயக்கத்தின்போது கண்கள் மூடியிருக்கவும், சுவாசக்குழாய் நழுவாதிருக்கவும் பட்டைகள் ஒட்டப்படுகின்றன. பவுடரோ களிம்போ இருந்தால் அவை பிடிக்காமல் போகும். மைத்துகள்கள் விழிமேல் விழுந்து உறுத்தலாம். விரல்களில் மருதாணி இருந்தால் செவிலியரிடம் முன்னரே சொல்லுங்கள். தேவையானால் கருவியைக் காதுமடலில் பொருத்தலாம். பொட்டை எப்போது மீண்டும் இடலாம் என்று கேட்கத் தயங்கவேண்டாம். பெரும்பாலான சிகிச்சைகளில், நினைவு நன்கு திரும்பி, முகத்தில் ஒட்டிய பட்டைகள் அகற்றப்பட்டபின் இட்டுக்கொள்ளலாம். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் மட்டும் கண் மருத்துவர் அனுமதிக்கும்வரை மை தீட்டலாகாது.

எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு வருவோரும் கண் ஒப்பனையைக் களைந்து வரவேண்டும். சில மைகளிலும் மஸ்காராக்களிலும் இரும்பு ஆக்சைடு உள்ளது; வலிய காந்தப்புலத்தில் அது படத்தைச் சிதைக்கலாம், அரிதாக இமையைச் சூடாக்கவும் கூடும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர்களின் தோலில் தொழில்நுட்பர் மையால் இடும் கோடுகள் மட்டும் இதற்கு விலக்கு. கதிர் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் படுவதற்கு வழிகாட்டுபவை அவை. எண்ணெயோ சோப்போ அவற்றின்மேல் படவேண்டாம். மங்கினால் வீட்டில் நீங்களே திருத்தி வரையாமல், மறுநாள் சிகிச்சை தொடங்குமுன் தொழில்நுட்பரிடம் காட்டுங்கள்.