ஓர் ஆய்வுக்கூடமும் புதர்க்காய்ச்சலும்



தோட்டத்து மருந்தகத்தில் தரும் மாத்திரை எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலையிலிருந்து என்போம். அதற்கு முன் அது ஓர் ஆய்வுக்கூடத்தைக் கடந்து வந்திருக்கும். அத்தகைய ஆய்வுக்கூடம் ஒன்றின் வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஆற்றங்கரை ஓரமாக, பார்க்-டேவிஸ் என்னும் மருந்து நிறுவனம் செங்கல் கட்டடங்களை ஒவ்வொன்றாக எழுப்பி வந்தது. அந்நாளில் பல மருந்துகள் செடிகொடிகளிலிருந்தே எடுக்கப்பட்டன. மேட்டுத் தேயிலைக்கும் பள்ளத்துத் தேயிலைக்கும் சுவை வேறுபடுவது போல, மூலிகையின் வீரியமும் இடத்துக்கு இடம் வேறுபடும். வீரியம் குறைந்தால் நோய் தீராது. மிகுந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே அளந்து சோதிப்பது அவசியமாயிற்று. 1902-இல் அங்கே ஆராய்ச்சிக்கென்றே தனிக் கட்டடம் எழுந்தது. மருந்து நிறுவனம் ஒன்று ஆராய்ச்சிக்காக மட்டும் கட்டியது, அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

நம் கோலாலம்பூரிலோ 1900-ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றிவிட்டது. அதன் முன் நின்ற பெரிய கேள்விகளில் ஒன்று புதர்க்காய்ச்சல். காட்டை வெட்டித் தோட்டம் போட்ட இடங்களில், புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணிப் பூச்சி கடித்தால் இந்நோய் வரும். அதைத் தீர்க்கும் மருந்து அப்போது இல்லை.

வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து குளோரோமைசெட்டின் என்னும் மருந்து கிடைத்ததை 1947-இல் உலகம் அறிந்தது. பார்க்-டேவிஸ் ஆய்வாளர்கள் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். 1948-இல் டாக்டர் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் அம்மருந்தைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து, நம் கழகத்தாருடன் சேர்ந்து நோயாளிகளுக்குக் கொடுத்தனர். ஓரிரு நாளில் காய்ச்சல் தணிந்தது! புதர்க்காய்ச்சல் என்று எண்ணி மருந்து பெற்ற சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் தேறினர். டைபாய்டுக்கும் மருந்து உண்டு என்று உலகம் அறிந்தது இப்படித்தான்.

டெட்ராய்ட் கட்டடம் 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தங்கும் விடுதியாக மாற்றப்பட்டது. குளோரோமைசெட்டின் சிலருக்கு இரத்தம் ஊறுவதைக் கெடுப்பது தெரியவந்ததால், இன்று புதர்க்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளையே பெரிதும் கொடுக்கின்றனர்.

ஆனால் அந்த உண்ணிப் பூச்சி இன்னும் இருக்கிறது. புல் வெட்டியபின் ஓரிரு வாரத்தில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டால், உடலில் எங்கேனும் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் சென்று, புதரில் வேலை செய்ததைச் சொல்லுங்கள். இரத்தம் எடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள். டைபாய்டா, புதர்க்காய்ச்சலா என்று பிரித்துக் காட்ட ஆய்வுக்கூடம் வேண்டும்.