அச்சில் எழும் கேக்

அச்சில் வார்த்து உருவம் சமைத்தல் நமக்குப் புதியதன்று. குடிபாலா முதலிய சித்தூர்ப் பகுதி ஊர்களிலிருந்து பெங்களூரில் குடியேறிய நம்மவர், அங்கு மகர சங்கராந்தியன்று எள்ளுடன் வழங்கப்பெறும் சர்க்கரை அச்சுகளை அறிவர். மர அச்சின் பகுதிகளை நீரில் ஊறவைத்து, இறுகச் சேர்த்துக் கட்டிப் பாகை ஊற்றுவர். இறுகியபின் பிரித்தால் கிளியும் யானையும் வெளிப்படும்.

பிரான்சு நாட்டின் அல்சேஸ் பகுதியினர் ஈஸ்டருக்குச் சுடும் ஆட்டுக்குட்டிக் கேக்கும் இம்முறையினதே. அங்கே அச்சு சுட்ட மண்ணாலானது. இரு பாதிகளைக் கொண்டது.

ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. பாகு ஆறி இறுகும். கேக்குக் கலவையோ வெந்து உப்பும். ஆகவே அச்சை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பலாகாது. காது, மூக்கு முதலிய நுண்ணிய குழிகளிலும் வெண்ணெய் தடவி மாவு தூவுதல் வேண்டும். இன்றேல் அவை அச்சிலேயே ஒட்டி நின்றுவிடும். அடுப்பிலிருந்து எடுத்தவுடன் பிரித்தால் மெல்லிய கழுத்து முறிந்து தலை சாயும். சற்று ஆறவிட்டுப் பிரித்து, முற்றும் ஆறியபின்னரே நிமிர்த்தி நிறுத்துக.

அலங்காரத்திற்குப் பொடித்த சர்க்கரையை மெல்லத் தூவினால் போதும். கனத்த பூச்சு, அச்சு தந்த முகத்தை மறைத்துவிடும். மரமாயினும் மண்ணாயினும் அச்சு நம்மிடம் வேண்டுவது பொறுமை ஒன்றே.