காப்பியும் தேநீரும் தண்ணீர்க் கணக்கில் சேருமா?

நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர் பருகுதல் வேண்டும் என்று வைத்தியர்கள் கூறுகின்றனர். நம் நெசவாளரும் உழவரும் விடியற்காலை முதல் இரவு வரை பன்முறை காப்பியோ தேநீரோ அருந்துகின்றனர். அவை அத்தண்ணீர்க் கணக்கில் சேருமா, சேராவா என்னும் வினா, சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் நம்மிடம் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. சேரமாட்டா என்றே பலரும் நம்புகின்றனர். ஒருபடி மேலே சென்று, தேநீர் குடித்தால் குடித்ததற்கு மேலாகவே நீர் பிரிந்து உடம்பு வற்றிவிடும் என்று அறுதியிட்டுக் கூறுவோரும் உளர். விடையை முதலிலேயே கூறிவிடுவோம். அவை சேரும். ஆனால் நாம் எண்ணியிருப்பதைக் காட்டிலும் குறைந்த தொகையே வரவாகும். அவ்வரவோடு ஒட்டிய சில செலவினங்களும் உண்டு.

மக்களின் ஐயம் அடிப்படையற்றதன்று. காப்பியிலும் தேயிலையிலும் காஃபீன் என்னும் பொருள் உள்ளது. ஜெர்மானிய வேதியியலறிஞர் ரூங்கே என்பார் 1819-ஆம் ஆண்டில் இதனைக் காப்பிக் கொட்டையினின்று பிரித்தெடுத்தார். சிறுநீரகம் குருதியை வடிகட்டும்பொழுது உப்பையும் நீரையும் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றது. காஃபீன் அவ்வாறு உப்பு திரும்புவதைச் சிறிது தடுக்கின்றது. உப்போடு நீரும் வெளியேறுகின்றது. ஆதலின் காஃபீன் சிறுநீரைப் பெருக்கும் என்பது உண்மையே. எவ்வளவு பெருக்கும், யாருக்குப் பெருக்கும் என்பவற்றில்தான் ஊர்ப்பேச்சு வழி தவறுகின்றது.

1928-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர் இருவர் மூன்று மனிதர்களைக் கொண்டு இதனைச் சோதித்தனர். நாள்தோறும் காஃபீன் உட்கொண்டு பழகியவரிடம் அதன் சிறுநீர் பெருக்கும் ஆற்றல் குன்றிவிடுதலை அவர்கள் கண்டனர். பழகாத ஒருவர் ஒரே வேளையில் 250 அல்லது 300 மில்லிகிராம் அளவில் உட்கொண்டாலன்றி அவ்விளைவு புலப்படுவதில்லை என்று பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் 2003-இல் எழுதினர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகளின்படி, 150 மில்லிலிட்டர் வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், ஒரு குவளைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரையும் காஃபீன் உண்டு. அந்த 250 மில்லிகிராமை எட்டுதற்கு இரண்டு மூன்று தம்ளர் காப்பியை ஒரே மூச்சில் குடித்தாக வேண்டும். தேநீராயின் இன்னும் மிகுதியாக வேண்டும். தறியை விட்டு எழுந்து சென்று ஒரு குவளை தேநீர் அருந்தித் திரும்பும் நெசவாளருக்கு இந்நிலை நேர்வதில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இவ்வினாவுக்கு நேராக விடையளிக்கின்றது. காப்பி பழகிய ஆடவர் 50 பேரை அவர்கள் தேர்ந்தனர். அவர்களுக்கு மூன்று நாட்கள் நாளொன்றுக்கு 200 மில்லிலிட்டர் வீதம் நான்கு முறை காப்பி அளிக்கப்பட்டது. வேறொரு முறை, அதே மூன்று நாட்களவுக்கு, அதே அளவு தண்ணீர் அளிக்கப்பட்டது. உடம்பிலுள்ள மொத்த நீரையும், 24 மணி நேரத்தில் பிரிந்த சிறுநீரையும் அளந்து பார்த்ததில் இரண்டு காலங்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 72 ஆடவரைக் கொண்டு நடந்து 2016-இல் வெளிவந்த மற்றொரு சோதனையில், தேநீரும் காப்பியும் தண்ணீரைப் போன்றே உடம்பில் தங்கின. பாலும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தண்ணீரினும் நீண்ட நேரம் தங்கின. இவை இரண்டும் ஆடவரை மட்டுமே கொண்டு நடந்தவை என்பதையும் உறுப்பினர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று.

இனி எவ்வளவு நீர் வேண்டும் என்பதைப் பார்ப்போம். எட்டுக் குவளைத் தண்ணீர் என்று எங்கும் கூறப்படுகின்றதே, அது எங்கிருந்து வந்தது? ஹைன்ஸ் வால்ட்டின் என்னும் சிறுநீரக அறிஞர் 2002-இல் தேடிப் பார்த்து, அதற்கு அறிவியற் சான்று தமக்குக் கிட்டவில்லை என்று எழுதினார். 1945-இல் அமெரிக்க உணவு ஊட்ட வாரியம் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் ஏற்றது என்று கூறியதும் உண்மை. அந்நீரில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியுள்ளது என்று அடுத்து எழுதியதும் உண்மை. முதல் வாக்கியத்தைப் படித்த உலகம் இரண்டாவதைப் படிக்கவில்லை போலும்! தணிக்கை அறிக்கைகளுக்கும் பல இடங்களில் இக்கதியே நேர்கின்றது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் வரையறுத்தபடி, மிதமான தட்பவெப்பத்தில் ஆடவருக்கு 2.5 லிட்டரும் பெண்டிருக்கு 2 லிட்டரும் போதுமானவை. உணவிலுள்ள நீரும் இதில் அடக்கம். வெந்த சோற்றில் பெரும்பகுதி நீர்தான். கஞ்சியும் நீராகாரமும் மோரும் கூறவே வேண்டா. இவ்வகையில் நம் பழைய உணவுமுறை ரொட்டி உண்போர் முறையினும் ஈரமுடையது. உணவினின்று ஐந்தில் ஒரு பங்கு கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு பெண்ணுக்கு 1.6 லிட்டர் பருகுநீர் வேண்டும். நம் ஊர்த் தேநீர்க்கடைக் குவளையில் ஊற்றப்படுவது சுமார் 100 மில்லிலிட்டரே. ஐயமுள்ளோர் ஒருமுறை அளந்து பார்க்கலாம். ஐந்து வேளை குடித்தாலும் அரை லிட்டர்தான் ஆயிற்று. எஞ்சிய 1.1 லிட்டர் எங்கே? தேநீர் உடம்பை வற்றச் செய்யவில்லை. தேநீரால் தாகமும் பசியும் சற்று அடங்கிவிடவே, தண்ணீர்ச் செம்பைத் தொடாமலே பொழுது கழிகின்றது.

மேற்சொன்ன அளவுகூடக் கோடையில் வயலில் நிற்போருக்குப் பொருந்தாது. கடும் வெயிலில் உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வை போகக்கூடும். வெப்பத்தில் வேலை செய்வோர் 15 அல்லது 20 நிமிடங்களுக்கொருமுறை ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் தண்ணீர் குடித்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் அறிவுரை. இதனைத் தேநீரால் நிரப்ப எண்ணுதல் வீண். தண்ணீரும், உப்பிட்ட நீர்மோரும் கஞ்சித் தண்ணீருமே அங்கு உதவும்.

செலவினங்கள் என்று கூறினோம். முதலாவது சர்க்கரை. குவளைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் ஐந்து குவளைக்கு 40 முதல் 50 கிராம் ஆகின்றது. 2,000 கலோரி உண்பவருக்கு, சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும், அதிலும் பாதியானால் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய அளவின் பொருள். தேநீரிலேயே அது தீர்ந்துவிடுகின்றது. இரண்டாவது இரும்புச்சத்து. தேநீரிலும் காப்பியிலுமுள்ள துவர்ப்பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்காமற் செய்கின்றன. ஆதலின் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவற்றைத் தவிர்க்குமாறு முன்பு குறிப்பிட்ட தேசிய நிறுவனம் கூறுகின்றது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச்சோகையுடையோர். சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தும் வழக்கத்தைச் சற்றுத் தள்ளிவைப்பதற்குக் காசு செலவில்லை.

பெண்டிரைப் பற்றிக் கூறுங்கால் மற்றொன்றையும் மறைத்தல் தகாது. தார் சுற்றும் பெண்களும் பாவு வேலை செய்யும் பெண்களும் பகலில் தண்ணீர் குடிப்பதைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர். காரணம் அறியாமையன்று, தறிக்கூடத்திற்கு அண்மையில் அவர்கள் ஒதுங்குவதற்கு இடமில்லை. பாவு நூலுக்கு ஈரம் வேண்டும் என்பதற்காகத் தறியைக் குழியில் அமைத்தோம். வறண்ட காற்று அடித்தால் நூல் அறும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. நூலுக்குக் காட்டும் இக்கவனம் நூற்பவளுக்கும் நெய்பவளுக்கும் கிடைத்தல் வேண்டும் அன்றோ? நாளெல்லாம் நீரை அடக்கியும் குறைத்தும் வாழ்வோருக்குச் சிறுநீர்த்தாரை நோயும் கல்லடைப்பும் வருதற்கு வாய்ப்பு மிகுகின்றது. பொதுக்குழுக் கூட்டங்களில் தேநீர்ச் செலவு ஐந்து நிமிடத்தில் நிறைவேறுகின்றது; கழிப்பிடத் தீர்மானம் ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்படுகின்றது. இதனை நாம் குறையாகவே கருதுகின்றோம்.

இறுதியாக, மிகவும் கவனத்திற்குரிய ஒன்று. இதயத் தளர்ச்சியோ முற்றிய சிறுநீரக நோயோ உடையவர்க்கு, நாளொன்றுக்கு இத்தனை லிட்டருக்கு மேல் நீர் கூடாது என்று வைத்தியர் அளவு விதிப்பதுண்டு. அவ்வீடுகளில், “தண்ணீரைத்தானே குறைக்கச் சொன்னார்கள்? காப்பி குடித்தால் என்ன?” என்று கேட்டுப் பெரியவர்களுக்குத் தம்ளர் தம்ளராகக் கொடுத்தல் காணப்படுகின்றது. காப்பி தண்ணீராகாது என்னும் எண்ணம் இவ்விடத்தில் உயிருக்கே ஊறு விளைக்கக்கூடும். வைத்தியர் ஒரு லிட்டர் என்றால் காப்பி, தேநீர், மோர், கஞ்சி, இரசம் யாவும் அந்த ஒரு லிட்டருக்குள் அடங்கியாக வேண்டும். காலையில் ஒரு பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு, அவருக்குக் காப்பியோ மோரோ கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே அளவு தண்ணீரைப் பாத்திரத்தினின்று எடுத்துவிட்டால், மாலையில் எவ்வளவு மீதமுள்ளது என்பதை எழுத்தறியாதவரும் கண்ணால் கண்டுகொள்ளலாம்.