மூன்று கிளினிக் கொப்பிகளும் ஒரு கேள்வியும்

வன்னியில் நான் பணிபுரியும் கிராமமொன்றில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. கணவரை இழந்தவர். வயல்களில் கூலி வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். நீரிழிவுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, தீராத தலையிடிக்கு ஒன்று என அவரிடம் மூன்று கிளினிக் கொப்பிகள் இருந்தன.

கிளினிக்குக்குப் போவதென்றால் விடியமுன் பஸ் எடுக்க வேண்டும். அன்றைய கூலி இல்லை. அங்கு ஒவ்வொரு முறையும் வேறொரு வைத்தியர். வரிசையோ நீளம். சீனி குறையவில்லை என்று குளிசையின் அளவு கூடிக்கொண்டே போனது. "சொன்னதைக் கேட்டு நடந்தால்தானே" என்ற ஏச்சும் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், நானும் அவரைக் கவனமில்லாதவர் என்றே எண்ணியிருந்தேன்.

ஒருநாள் அருகிலுள்ள சிறிய வைத்தியசாலைக்கு அவருடன் சென்றேன். அங்கிருந்த இளம் பெண் வைத்தியர் குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பைத் தொடர்பவர். மூன்று கொப்பிகளையும் அருகருகே விரித்து வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அம்மா, காலமை குளிசை போட்டாப் பிறகு எத்தனை மணிக்குச் சாப்பிடுறனீங்கள்?"

"பதினொரு மணியாகும் டொக்டர். வெறும் வயித்தில குளிசையப் போட்டிட்டு வயலுக்குப் போனால் கை நடுங்கித் தலை சுத்துது. அதாலை வேலை நாளில போடுறதில்லை."

பல மாதங்களாக விளங்காதிருந்தது ஒரு கேள்வியில் விளங்கிற்று. சாப்பிடாமல் குளிசையைப் போட்டு வெயிலில் வேலை செய்ததால் அவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. அந்தப் பயத்தில் குளிசையை விட்டார். விட்டதால் கிளினிக்கில் சீனி கூடிக் காட்டியது. தலையிடிக்கென்று அவர் கடையில் வாங்கிப் போட்ட நோவுக் குளிசையும் பிரஷரைக் கூட்டக்கூடிய வகையென்று வைத்தியர் விளக்கினார். குளிசையின் அளவைக் குறைத்து, அதைச் சாப்பாட்டு நேரத்தோடு பொருத்திக் கொடுத்தார். சில மாதங்களில் சீனி கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

கேட்கவும் படிக்க வேண்டும்

"இப்படிக் கேட்க உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று பின்னர் அவரிடம் கேட்டேன். "இதுவும் பயிற்சிதான்" என்றார்.

குடும்ப மருத்துவம் என்பது ஒரு தனித்துறை. இருதயத்துக்கோ கண்ணுக்கோ அல்ல, ஒரு மனிதருக்கும் அவரது குடும்பத்துக்கும் தொடர்ந்து பொறுப்பாக இருப்பதற்கான பயிற்சி. எமது நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இத்துறையில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வழங்குகிறது. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் சமுதாய, குடும்ப மருத்துவத் துறை கோண்டாவிலில் குடும்ப சுகாதார நிலையமொன்றை நடத்தி வருகிறது.

இது பெண்களுக்கு ஏன் முக்கியம்? கர்ப்பிணியாக இருக்கும்போது குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். குழந்தை வளர்ந்த பின்னர் அந்தப் பெண்ணை முழுமையாக அறிந்தவர் எவரும் இருப்பதில்லை. நாற்பது, ஐம்பது வயதில் நோய்கள் ஒவ்வொன்றாக வரும்போது அவள் கொப்பிகளுடன் தனியே அலைகிறாள்.

எங்கே பயில்வது?

நல்ல வைத்தியர் கிராமத்தில் தங்குவதில்லை என்று நாம் குறைப்படுகிறோம். ஆனால் அவரை எங்கே வைத்துப் பயிற்றுகிறோம் என்று கேட்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலும் இதே குறை உண்டு. அங்கு வாஷிங்டன் மாநிலத்தில் 1986இல் ஒரு புதிய முறை தொடங்கியது. குடும்ப மருத்துவம் பயில்பவர் முதல் வருடத்தை ஸ்போக்கேன் நகரத்திலும், அடுத்த இரண்டு வருடங்களை கொல்வில் என்ற சிற்றூரிலும் கழிப்பார். பின்னர் பல மாநிலங்கள் இம்முறையைப் பின்பற்றின. 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ், வசதி குறைந்த மக்களுக்கான சுகாதார நிலையங்களிலேயே பயிற்சி வழங்கவும் அரசு நிதி ஒதுக்கியது. 2013இல் அங்கு வெளியான ஆய்வொன்றின்படி, குடும்ப மருத்துவப் பயிற்சி முடித்தவர்களில் 56 சதவீதமானோர் பயின்ற இடத்திலிருந்து 100 மைலுக்குள்ளேயே தொழில் செய்கின்றனர்.

மனிதர் பழகிய இடத்தில் வேர் விடுகிறார். சமூகவியல் படித்த எனக்கு இது புதுமையல்ல. கிராமப் பின்னணியுள்ள மாணவர்களைச் சேர்ப்பதும் கிராமத்தில் பயிற்றுவதும் வைத்தியர்களை அங்கு தக்கவைக்க உதவுமென உலக சுகாதார நிறுவனம் 2010இலும் 2021இலும் பரிந்துரைத்துள்ளது. ஆனால் வீடு, பிள்ளைகளின் பாடசாலை, வழிகாட்டும் மூத்த வைத்தியர் ஆகிய வசதிகளில்லாமல் இளம் வைத்தியரை மட்டும் அனுப்புவது பயிற்சியாகாது. அது தண்டனையாகிவிடும்.

நாம் செய்யக்கூடியது

மாதர் சங்கக் கூட்டங்களில் வீதியும் கிணறும் கேட்கிறோம். எமது பிரதேச வைத்தியசாலை குடும்ப மருத்துவப் பயிற்சிக்கான இடமாக வேண்டுமென்றும் கேட்போம். அதுவரை, கிளினிக்குக்குப் போகும்போது எல்லாக் கொப்பிகளையும் ஒன்றாகக் கொண்டு செல்லுங்கள். கடையில் வாங்கும் குளிசைகளையும் காட்டுங்கள். குளிசையை விட்டிருந்தால் ஏன் விட்டீர்களென்று கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

அந்த வைத்தியர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். செய்தியைக் கேட்ட அக்கா சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இனி வாறவரும் எப்ப சாப்பிடுறனீங்கள் எண்டு கேப்பாரோ?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.