சங்கக் கணக்கைக் கணனிக்கு மாற்றும் முன்

மாதர் சங்கங்கள் சில தமது சேமிப்பு, சுழற்சிக் கடன் கணக்குகளைக் கணனியில் பதியத் தொடங்கியுள்ளன. வரவேற்க வேண்டிய விடயம். ஆனால் கணனியை வாங்கியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. திட்டமிடாமல் மாறினால் பெரிய நிறுவனங்களே தடுமாறும்.

1992 ஒக்ரோபர் 26 ஆம் திகதி லண்டன் அம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் பணியை நகரம் முழுவதற்கும் ஒரேயடியாகக் கணனிக்கு மாற்றியது. வண்டிகள் நிற்கும் இடத்தைக் கணனி சரியாக அறியவில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு வண்டிகள் சென்றன. வேறிடங்களில் நோயாளர் காத்துக் கிடந்தனர். மறுநாளே வேலையின் ஒரு பகுதியைப் பழைய முறைக்குத் திருப்பினர். நவம்பர் 4 ஆம் திகதி கணனி முற்றாகச் செயலிழந்தது. அவசரமான கால எல்லை, முழுமையாகச் சோதிக்கப்படாத மென்பொருள், ஊழியர்களுக்குப் போதாத பயிற்சி என்பவற்றை 1993 இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. பின்னர் அதே சேவை, ஊழியர்களுடன் கலந்து பேசிப் படிப்படியாகச் செய்து, 1996 இல் புதிய முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எமது சங்கங்கள் கவனிக்க வேண்டியவை:

1. எந்தக் கணக்கு, எந்த அறிக்கை தேவை என்பதை முதலில் எழுதுங்கள். கணக்கு எழுதும் பொருளாளரையும் கடன் பெறும் உறுப்பினரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

2. சேமிப்புக் கணக்கை மட்டும் முதலில் மாற்றுங்கள். அது சரிவந்த பின் கடன் கணக்கு.

3. மூன்று மாதமாவது பதிவேட்டிலும் கணனியிலும் சேர்த்து எழுதுங்கள். மொத்தத்தில் ஒரு ரூபா வேறுபட்டாலும் காரணத்தைக் கண்டுபிடித்த பின்பே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

4. இருவருக்குப் பயிற்சி கொடுங்கள். ஒருவர் வெளியூர் சென்றாலும் வேலை நிற்காது.

5. மென்பொருள் செய்பவருக்குத் தவணையாகப் பணம் கொடுங்கள். கடைசித் தவணையைச் சோதித்துப் பார்த்த பின் கொடுங்கள். பயிற்சி, திருத்தம், அச்சு மை ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

6. ஒவ்வொரு கூட்டத்தின் பின்னும் கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுத்து, கணனி இல்லாத வேறொரு இடத்தில் பாதுகாப்பாக வையுங்கள்.

இடம்பெயர்வில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்து, ஒரு கடதாசிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் எம்மில் பலர். ஆகவே கணனி வந்த பின்னும் உறுப்பினரின் சேமிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு தொகையையும் எழுதி ஒப்பமிட்டுக் கொடுங்கள். தனது பணம் எவ்வளவு என்பதைக் கணனி தெரியாத சகோதரியும் தானே பார்த்து அறியக்கூடியதாக இருக்க வேண்டும்.