வீட்டு மின்னமைப்பும் அதன் சோதனையும்

சுவிட்சைத் தட்டியவுடன் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. ஆகவே வீட்டிலுள்ள மின்னமைப்பு செவ்வையாக இருக்கிறது என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. விளக்கு எரிவதற்கு இரண்டு கம்பிகள் போதும். வீட்டில் வாழ்வோரைக் காப்பதற்கு மூன்றாவது கம்பி ஒன்று வேண்டும். அந்த மூன்றாவது கம்பி சுவருக்குள் எங்கேனும் அறுந்து கிடந்தாலும் விளக்கு முன்போலவே எரியும். குறை வெளிப்படுவது விபத்து நேரும்போதுதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்குகளின்படி, அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழக்கின்றனர். வயல்களிலும் தெருக்களிலும் தொழிற்கூடங்களிலும் நேர்ந்தவையும் இக்கணக்கில் அடங்குமாயினும், வீட்டில் நேர்பவை சிறிதல்ல. 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய சௌபாக்கியத் திட்டத்தின் கீழ் 2 கோடியே 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் மின்னிணைப்புப் பெற்றன. நகரங்களிலோ, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அமைத்த கம்பிகளே பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. இவ்விரு வகை வீடுகளுக்கும் பொதுவான தேவை, தகுதி பெற்றவரைக் கொண்டு மின்னமைப்பை முறையாகச் சோதிப்பதாகும்.

உடலில் பாயும் மின்சாரம்

மின்சாரத்தால் உடலுக்கு நேரும் தீங்கு, அதனூடே பாயும் மின்னோட்டத்தின் அளவையும், அது பாயும் நேரத்தையும் பொறுத்தது. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமும், வினாடிக்கு 50 சுற்றுகளும் உடைய மாறுதிசை மின்சாரம். இதில் 1 மில்லி ஆம்பியர் அளவை உடல் மெல்லிய உறுத்தலாக உணரும். சுமார் 10 மில்லி ஆம்பியரில் கைத்தசைகள் இறுகிப் போவதால், பற்றிய பொருளை விட்டுவிட இயலாமற் போகலாம். அதற்கு மேல் மூச்சுத் தசைகள் முடங்கலாம். 50 மில்லி ஆம்பியரைக் கடந்த மின்னோட்டம் ஒரு வினாடி அளவு நீடித்தாலும், இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கத் தொடங்கி, உயிருக்கு முடிவு நேரிடக்கூடும்.

ஈரக் கையுடன் வெறுங்காலில் நிற்பவரின் உடல்தடையைச் சுமார் 1,000 ஓம் எனக் கொள்வோம். அவர் 230 வோல்ட்டு அழுத்தமுள்ள கம்பியைத் தீண்டினால் உடலில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இஃது உயிரைப் போக்கப் போதுமான அளவைவிடப் பன்மடங்கு மிகுதியாகும்.

வீட்டில் பியூசும் எம்.சி.பி.யும் இருக்கின்றனவே, அவை காவா என்று கேட்கலாம். காவா. ஒரு விளக்குச் சுற்றுக்கு இடப்படும் பியூஸ் 6 ஆம்பியர் தாங்கும். மனிதனைக் கொல்லும் 230 மில்லி ஆம்பியர் அதில் ஏறக்குறைய இருபத்தாறில் ஒரு பங்கே. பியூசைப் பொறுத்தவரையில் அது ஒரு சிறு விளக்கின் சுமையே ஆகும். பியூசும் எம்.சி.பி.யும் கம்பிகள் சூடேறித் தீப்பற்றாமற் காப்பதற்கென அமைந்தவை. மனித உடலைக் காக்கும் பொறுப்பு வேறு இரண்டிற்கு உரியது: நில இணைப்பு ஒன்று, மின்கசிவுத் தடுப்பான் மற்றொன்று.

நில இணைப்பு

மின்பணியாளர் 'எர்த்' என்று கூறும் நில இணைப்பு, கருவிகளின் உலோக உறையை மண்ணில் புதைத்த குழாயுடனோ தகட்டுடனோ இணைக்கும் கம்பியாகும். மூன்று முனைச் செருகிகளில் மேலுள்ள முனை மற்றவற்றைவிட நீண்டும் பருத்தும் இருப்பதைக் காணலாம். செருகும்போது அது முதலில் பொருந்தவும், எடுக்கும்போது கடைசியில் விலகவும் வேண்டியே அவ்வாறு செய்கின்றனர்.

நில இணைப்பு இருந்தாலே போதுமா? ஒரு கணக்கைப் பார்ப்போம். வீட்டின் நிலக்குழியின் தடை 20 ஓம் என்றும், மின்மாற்றியினிடத்து நில இணைப்பின் தடை 2 ஓம் என்றும் கொள்வோம். குளிர்பதனப் பெட்டியினுள் கம்பியின் காப்புறை சிதைந்து, உலோக உறையில் மின்சாரம் ஏறிவிடுகிறது. அப்போது பாயும் மின்னோட்டம் 230-ஐ 22-ஆல் வகுத்த ஈவு, அதாவது சுமார் 10 ஆம்பியர். அச்சுற்றிலுள்ள எம்.சி.பி. 16 ஆம்பியருக்குரியதாயின் அது விழாது. குளிர்பதனப் பெட்டியின் உறையோ ஏறத்தாழ 209 வோல்ட்டு அழுத்தத்திலேயே நின்றுகொண்டிருக்கும். நில இணைப்பு உள்ள வீட்டிலேயே இந்நிலை நேரக்கூடும்.

நிலக்குழியின் தடை மண்ணின் இயல்பையும் ஈரத்தையும் பொறுத்து மாறும். இராஜஸ்தானத்து மணற்பகுதியிலும் தக்காணத்துப் பாறைப்பகுதியிலும் அது மிகுந்திருக்கும். கரியும் உப்பும் இட்டு அமைத்த குழியும் கோடையில் வறண்டால் தடை ஏறும். மழைக்காலத்தில் அளந்து நன்றென்று கண்டது, வைகாசியில் நன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

சிலர் பேஸ் கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் இடையே ஒரு விளக்கை இணைத்து, அது எரிந்தால் எர்த் நன்றாக இருப்பதாக முடிவு செய்கின்றனர். 100 வாட்டு விளக்கின் தடை எரியும்போது சுமார் 529 ஓம். நிலக்குழியின் தடை 100 ஓமாக இருந்தாலும் விளக்குக்கு 193 வோல்ட்டு அளவு கிடைத்துவிடும். அது எரியவே செய்யும். ஆனால் 100 ஓம் தடையுள்ள எர்த், பியூசை உருக்குவதற்கு ஒருபோதும் உதவாது. மேலும் இச்சோதனையின்போது வீட்டிலுள்ள எர்த் கம்பி முழுவதிலும் மின்னழுத்தம் ஏறுவதால், இது செய்யத்தகாத சோதனையுமாகும்.

மின்கசிவுத் தடுப்பான்

கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று வழங்கும் மின்கசிவுத் தடுப்பான், வீட்டிற்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் இடைவிடாது ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை அது வாளா இருக்கும். சென்றதில் ஒரு பகுதி திரும்பவில்லையாயின், அப்பகுதி உடலின் வழியாகவோ சுவரின் வழியாகவோ மண்ணுக்குப் போய்விட்டதென்று பொருள். உடனே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உடலால் தாங்கக்கூடிய மின்னோட்டத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், இதே தத்துவத்தில் இயங்கும் சாதனம் ஒன்றை 1961-இல் உருவாக்கினார்.

வீடுகளுக்கு உரிய அளவு 30 மில்லி ஆம்பியர். அவ்வளவு கசிவு ஏற்பட்டால் 300 மில்லி வினாடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிந்தால் 40 மில்லி வினாடிக்குள்ளும் அது துண்டிக்க வேண்டும். முன்கூறிய குளிர்பதனப் பெட்டியில் கசியும் 10 ஆம்பியர், எம்.சி.பி.யை அசைக்காவிடினும் இதனை நொடியில் விழச் செய்யும்.

இதற்கும் எல்லையுண்டு. ஒரு கையால் பேஸ் கம்பியையும் மறு கையால் நியூட்ரல் கம்பியையும் பற்றியவரை இது காக்காது. சென்ற மின்சாரம் முழுதும் திரும்பிவிடுவதால் இதற்கு வேறுபாடு தெரியாது. அன்றியும் இது பழுதுபடக்கூடிய பொறி. அதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்தல் வேண்டும். தடுப்பான் அடிக்கடி விழுகிறதென்று சொல்லி, அதை விலக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துவிடும் வழக்கம் பலவிடங்களில் உள்ளது. அடிக்கடி விழுதல், எங்கோ கசிவு இருக்கிறது அல்லது ஒரு சுற்றின் நியூட்ரல் மற்றொன்றுடன் கலந்திருக்கிறது என்பதன் அறிகுறி. காவலனை நீக்குவதனால் கள்வன் போய்விடுவதில்லை.

காலத்தால் நேரும் கேடுகள்

கம்பியின் காப்புறை நாளடைவில் தன் தன்மையை இழக்கிறது. மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய இரப்பர் உறைக் கம்பிகள் வறண்டு வெடிக்கின்றன. செம்பு அரிதாக இருந்த காலத்தில் இட்ட அலுமினியக் கம்பிகள், திருகாணியிடத்தே தளர்ந்து மேற்பரப்பில் ஆக்சைடு படிகின்றன. தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை ஏற்பட்டு, அதில் 10 ஆம்பியர் பாய்ந்தால் 50 வாட்டு வெப்பம் அவ்வொரு புள்ளியில் எழும். சிறிய பற்றவைப்புக் கோலின் வெப்பம் 25 வாட்டுத்தான் என்பதை நினைத்தால், சுவிட்சுப் பலகை கருகுவதன் காரணம் விளங்கும்.

விளக்குக்கும் விசிறிக்கும் அமைத்த கம்பிகளில் பின்னர் கீசரும் குளிர்சாதனமும் சேர்ந்துவிடுகின்றன. 2 கிலோவாட்டுக் கீசர் ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டிவிட்டால், பியூஸ் போகாது. சுவருக்குள் உள்ள கம்பி போகும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மற்றோர் அபாயமும் உண்டு. மெயினை அணைத்த பின்னும் மின்கலத்திலிருந்து வரும் மின்சாரம் சில சுற்றுகளில் இருந்துகொண்டே இருக்கும். ஆதலின் இரண்டையும் துண்டித்த பின்னரே எவரும் பலகையைத் திறக்க வேண்டும்.

சோதனை நடைபெறும் முறை

முறையான சோதனைக்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது கண்ணால் காணும் ஆய்வு: கருகிய இடங்கள், திறந்த இணைப்புகள், நீர்க்கசிவு, கம்பிப் பருமனுக்குப் பொருந்தாத எம்.சி.பி. ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது.

இரண்டாவது, மின்சாரத்தைத் துண்டித்துச் செய்யும் சோதனைகள். எர்த் கம்பி ஒவ்வொரு செருகிடத்திலிருந்தும் முதன்மை நில இணைப்பு வரையில் தொடர்ச்சியாக உள்ளதா என்று பார்க்கின்றனர். அதன் தடை 1 ஓமுக்கு மிகலாகாது. பின்னர், மெகர் என்று வழங்கும் கருவியால் காப்புத்தடையை அளக்கின்றனர். விளக்குகளையும் மின்னணுக் கருவிகளையும் கழற்றிவிட்டு, கம்பிகளுக்கும் நிலத்துக்கும் இடையே 500 வோல்ட்டு நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்தும்போது, தடை 1 மெகாஓமுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். சுவிட்சு பேஸ் கம்பியில் உள்ளதா என்பதையும் அப்போதே காண்பர். தவறி நியூட்ரலில் வைக்கப்பட்டிருந்தால், சுவிட்சை அணைத்தாலும் விளக்குத் தாங்கியில் மின்னழுத்தம் நீங்காது.

மூன்றாவது, மின்சாரத்தைக் கொடுத்துச் செய்யும் சோதனைகள். நிலக்குழியின் தடையையும், மின்கசிவுத் தடுப்பான் எத்தனை மில்லி ஆம்பியரில், எத்தனை மில்லி வினாடியில் விழுகிறது என்பதையும் கருவிகொண்டு அளப்பர். வீட்டில் நாம் வைத்திருக்கும் டெஸ்டர், ஓரிடத்தில் மின்னழுத்தம் உண்டு என்பதை மட்டுமே காட்டும். மேற்கூறிய எதையும் அது காட்டாது.

யாரை அழைப்பது, எப்போது அழைப்பது

ஒவ்வொரு மாநிலத்திலும் மின் உரிமம் வழங்கும் வாரியம் கம்பியாள், மேற்பார்வையாளர் ஆகியோருக்குத் தகுதிச் சான்றும், ஒப்பந்தக்காரருக்கு உரிமமும் அளிக்கிறது. சான்றைக் காட்டும்படி கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், நுகர்வோரின் மின்னமைப்பை 5 ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்று வகுத்தன. அவற்றின் இடத்தை மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும், பின்னர் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் பெற்றன. விதி எதுவாயினும், 5 ஆண்டுக்கு ஒருமுறை என்பது வீட்டார் கைக்கொள்ளத்தக்க நல்ல அளவேயாகும். பழைய வீட்டை வாங்கும்போதும், வெள்ளம் வடிந்த பின்னும், பெருஞ்சுமையுள்ள கருவி சேரும்போதும், குழாயிலோ கருவியிலோ சிறிதளவேனும் மின் உறுத்தல் தோன்றும்போதும் ஐந்தாண்டு வரையில் காத்திருத்தல் கூடாது.

சோதனை முடிந்ததும் எழுத்து வடிவில் அறிக்கை பெறுதல் இன்றியமையாதது. "எல்லாம் சரி" என்ற ஒரு வரி அறிக்கையாகாது. ஒவ்வொரு சுற்றின் காப்புத்தடை, எர்த் கம்பியின் தடை, நிலக்குழியின் தடை, தடுப்பான் விழும் அளவும் நேரமும், சுவிட்சுகள் பேஸ் கம்பியில் உள்ளனவா என்பது ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அடுத்த சோதனையின்போது இவ்வெண்களை ஒப்பிட்டால், எந்தச் சுற்றில் காப்பு நலிந்து வருகிறது என்பதை விபத்துக்கு முன்பே அறியலாம்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்கள், மக்கள் கூடும் இடங்களில் இவ்வைந்து எண்களையும் விளக்கிக் கூறலாம். பல வீட்டார் ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் ஒரு மேற்பார்வையாளரை அழைத்தால் செலவு குறையும். ஆசிரியர்கள் முதலில் தம் பள்ளியின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். தண்ணீர் ஏற்றும் மோட்டாரும், அதனை அடுத்த இரும்புக் குழாயும், ஈரத்தரையில் வெறுங்காலுடன் வரும் சிறுவர்களும் ஒருங்கே இருக்கும் இடம் பள்ளி. ஓம் விதியைக் கற்பிக்கும் நாளில், 20 ஓம் நிலக்குழியின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். மாணவர்கள் அன்று மாலை வீட்டிற்குச் சென்று, தடுப்பான் இருக்கிறதா என்று பெற்றோரைக் கேட்பார்கள். இல்லையென்றால், ஏன் இல்லையென்றும் கேட்பார்கள்.